ஹியா பிக்குவாகப் போன ஒன்பது நாள்

எங்கள் ஐஸ் கம்பெனியில் தலை இருக்க வால் ஆடியதே கிடையாது. தலை என்றால் எங்கள் முதலாளி குவாங். பெரியண்ணன் என்ற பொருளில் அவரை ஹியா என்போம். வால் என்றால் நாங்கள் பதினொரு பேர். சாக்குப்பை கிழிந்தால் தைக்கலாமா, தூக்கிப் போடலாமா என்று அவரைக் கேட்போம். லாரியை ரிவர்ஸ் எடுக்கக் கேட்போம். மதியம் வாங்கி வந்த நூடுல்ஸில் ஈ கிடந்தால்கூட கிண்ணம் முதலில் அவர் மேசைக்குத்தான் போகும். அவரும் சளைக்காமல் எட்டிப் பார்த்து, எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடு என்று தீர்ப்புச் சொல்வார்.

என் பெயர் பிகுன். அங்கே போன் எடுப்பது என் வேலை. பதினொரு வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "இருங்க, ஹியாவைக் கேட்டுச் சொல்றேன்." என் தங்கை பிரசவமாகிப் படுத்திருந்தபோது, குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டாள். வாய் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டேன். அவள் தையல் பிரிந்துவிடும் அளவுக்குச் சிரித்தாள்.

ஹியா கெட்டவர் இல்லை. எங்களுக்கு அவரிடம் பயமும் இல்லை. அது ஒரு சங்கடம். பெரியவர் ஒருத்தர் இருக்கும்போது நாமே ஒன்றை முடிவு செய்வது, படுத்திருப்பவரைத் தாண்டிக்கொண்டு போவது மாதிரி. எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் அவர் படுத்தே கிடந்தார், நாங்களும் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தோம்.

போன மழைக்காலத்தில் ஹியாவின் அம்மா இறந்துபோனார். சிதைக்கு முன்னால் நின்று, அம்மாவுக்குப் புண்ணியம் சேர ஒன்பது நாள் பிக்குவாக இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார் ஹியா. மலையடிவாரத்து விகாரையில் தேதி குறித்தார்கள். ஏப்ரல் எட்டு. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தபிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. எட்டிலிருந்து ஒன்பது நாள் என்றால் நடுவில் சோங்க்ரான் வருகிறது. எங்கள் ப்ரே நகரமே மூன்று நாள் தெருவில் நின்று தண்ணீர் அடித்துக்கொள்ளும் புத்தாண்டு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு டிரம், ஒவ்வொரு டிரம்மிலும் ஐஸ். தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு அலறல், அவ்வளவு சந்தோஷம். அந்த மூன்று நாளில் ஓடும் ஐஸ், மற்ற மாதங்களில் முப்பது நாள் ஓடாது.

ஹியா விகாரைக்கு ஓடிப்போய்த் தேதியை மாற்றிக் கேட்டார். தலைமைப் பிக்கு பொக்கைவாய்ச் சிரிப்புடன், "உங்க அம்மா சீசன் பாத்தா போனாங்க?" என்று கேட்டாராம். அதோடு முடிந்தது.

போவதற்கு முன் ஹியா ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினார். பத்து நாள் உட்கார்ந்து தொண்ணூற்றிரண்டு பக்கம். நாங்கள் என்னென்ன கேட்போம் என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருந்தார். கரண்ட் போனால் பக்கம் மூன்று. லாரிக்கு முன்னால் நாய் படுத்திருந்தால் பக்கம் பதினான்கு. நாய் எழுந்துபோக மறுத்தால் பக்கம் பதினைந்து. அதை என் கையில் கொடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாள் தலையும் புருவமும் மழித்து, காவி கட்டிக்கொண்டு போய்விட்டார். போனை விகாரையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஹியாவின் மனைவி கடைத்தெருவில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். ஏதாவது என்றால் உங்களைக் கேட்கலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "பதினேழு வருஷமா அந்த மனுஷன் என்னை கம்பெனி கேட்டைத் தாண்ட விட்டதில்ல. இப்ப மட்டும் நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, ஒரு பெண்ணின் தலைக்குச் சாயம் பூசப் போய்விட்டார்.

நோட்டுப் புத்தகம் ஒரு நாள் உயிரோடு இருந்தது. இரண்டாம் நாள் காலை, எங்கள் லாரி டிரைவர் சோம்நூக் அண்ணன், பின்சக்கரத்துக்குக் காற்று எவ்வளவு என்று பார்க்க அதை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் எழுத்துப் புரியவில்லை. மெஷின் பார்க்கும் புன்லெர்ட் அண்ணனிடம் காட்டப் போனார். புன்லெர்ட் அண்ணன் அப்போது உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகையில் நின்றுகொண்டிருந்தார். ஐஸ் அச்சுத் தகரங்களெல்லாம் வரிசையாக அந்தத் தொட்டிக்குள்தான் முங்கியிருக்கும். சோம்நூக் கையை நீட்டினார், புன்லெர்ட் கையை நீட்டினார், நோட்டு இரண்டு கைக்கும் நடுவில் இறங்கிவிட்டது.

கொக்கி போட்டு எடுத்தோம். தொண்ணூற்றிரண்டு பக்கமும் நீலமாக இருந்தன. அதாவது முழுப் பக்கமும் ஒரே நீலம். பை கட்டும் தோங்பாய் அக்கா ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்து, "பதினாலாம் பக்கத்துல நாய் செத்துப்போச்சு" என்றாள். அவ்வளவுதான். தோங்பாய் அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் அது அவளோடு நிற்காது. அரைமணி நேரம் கம்பெனியில் யாராலும் ஒரு பை தூக்க முடியவில்லை.

சிரித்து முடித்தபிறகு பயம் வந்தது. அன்று மதியமே அதற்குக் காரணமும் வந்து சேர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு ஐஸ் கம்பெனி உண்டு. அங்கே மெஷின் படுத்துவிட்டது. சோங்க்ரானுக்கு நான்கு நாள்கூட இல்லை. அவர்களுடைய வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் எங்களுக்குப் போன் அடித்தார்கள். ஹியாவோ, தான் முகம் பார்க்காத ஆளுக்கு ஒரு துண்டு ஐஸ் கொடுக்க மாட்டார். நான் எல்லோரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். இருபத்தேழாவது ஆள் ஒரு பெண், மீன் கடைக்காரி. "சரிம்மா, கேட்டுச் சொல்லு. அதுவரைக்கும் மீனையும் இருக்கச் சொல்றேன்" என்றாள்.

அது உறைத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனேன்.

ஹியா மரத்தடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். புருவம் இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற முகமாக இருந்தது. மண்டியிட்டு வணங்கி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். ஹியா வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்த வயதான பிக்கு லேசாகத் தொண்டையைச் செருமினார். ஒன்பது நாள் வியாபாரம் பேசுவதில்லை என்று ஹியா வாக்குக் கொடுத்திருக்கிறார் போல. திறந்த வாய் மூடிக்கொண்டது. அவர் என்னையே பார்த்தார். பார்த்தபடி விளக்குமாற்றை ஒரு இழு இழுத்தார், இலைகள் ஒரு பக்கமாகப் போயின. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து சொன்னதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். விளக்குமாறு எந்தப் பக்கம் போச்சு என்றார் சோம்நூக் அண்ணன். வலப்பக்கம் என்றேன். அவருக்கு வலமா, உனக்கு வலமா என்றார் புன்லெர்ட் அண்ணன். வலம் என்றால் கொடு என்று அர்த்தம், இல்லை, கூட்டித் தள்ளு என்று அர்த்தம் என்று இரண்டு கட்சியாகிவிட்டது. சோம்நூக் அண்ணன் நிஜமாகவே ஒரு விளக்குமாறு எடுத்துவந்து, என்னை மண்டியிடச் சொல்லி, ஹியா மாதிரி இழுத்துக் காட்டினார். நான் கீழே இருந்து அவரைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது ஆள், முகத்தைப் புருவம் இல்லாத மாதிரி வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"குடுக்கலாம்" என்றேன்.

"ஹியா சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன்."

 புன்லெர்ட் அண்ணன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, அப்படியானால் சும்மா கிடக்கும் மூன்றாவது தொட்டியையும் ஓட்ட வேண்டும் என்றார். யாருடைய அனுமதியும் கேட்காமல் நடந்து போனார். பத்தடி போனவர் நின்று திரும்பி, ஓட்டலாம் இல்லையா என்று பார்த்தார். நான் கவனிக்காத மாதிரி போனை எடுத்துக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆளாளுக்குத் தன்னைத்தானே மேய்க்க ஆரம்பித்தோம். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அது அவ்வளவு சுலபமில்லை. பதினொரு வருடம் இன்னொருத்தர் குரலிலேயே வேலை செய்தவளுக்குத் தன் குரல் உத்தரவுபோலக் கேட்பதில்லை. நான் போனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்தேன். ஒவ்வொரு போனுக்கும் "இருங்க" என்று சொல்லிவிட்டு கண்ணாடியைப் பார்த்து, "பிகுன், இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்பேன். கண்ணாடிக்காரி யோசித்துச் சொல்வாள். முதல் நாள் ரொம்ப யோசித்தாள். இரண்டாம் நாள் நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. எந்தப் போனும் மூன்று தடவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்று நானே எனக்கு ஒரு சட்டம் போட்டேன். இருபது போன் அப்படி எடுத்தால் ஒரு துண்டு மாங்காய், மிளகாய் சர்க்கரை தொட்டு. பத்தொன்பதில் தவறிவிட்டால் கிடையாது. ஒருமுறை பத்தொன்பதாவதில் தவறியது. மாங்காயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், தொடவில்லை. இத்தனை வயதில் எனக்கு என்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

புன்லெர்ட் அண்ணன் கண்ணாடியெல்லாம் வைக்கவில்லை. நேராகவே பேசினார். "புன்லெர்ட், ரெண்டாவது வால்வை மூடு" என்று அதட்டுவார். "மூடிட்டேங்க" என்று பவ்யமாகப் பதில் சொல்வார். ஒரு தடவை இருவருக்கும் சண்டை வந்து, அவரே அவரிடம் கோபித்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்து காபி குடித்தார்.

தோங்பாய் அக்கா பேசவே இல்லை. பை கட்டும் மேசை லாரி நிற்கும் இடத்திலிருந்து முப்பதடி தள்ளி இருந்தது. எட்டு வருடமாக அங்கேதான் இருந்தது. ஏனென்றால் முதல் நாள் ஹியா அங்கே வைத்தார். ஒவ்வொரு பையையும் பெண்கள் அந்த முப்பதடி இடுப்பில் சுமந்தார்கள். ஒரு காலையில் அக்கா தன் கூட்டத்தோடு மேசையை ஒரே தள்ளாகத் தள்ளி லாரி வாலோடு ஒட்டி வைத்துவிட்டாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டாள். பாட்டில் தாளம் விழும்போது பை வாயைத் திறக்க வேண்டும், அடுத்த தாளத்தில் ஐஸ் விழ வேண்டும், மூன்றாவதில் முடிச்சு. இடுப்பு ஆடாதவர்கள் மேசையை விட்டு விலக வேண்டும். மதியத்துக்குள் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பை. வலிக்கிறது என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

ஆனால் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது புன்லெர்ட் அண்ணன்தான். பன்னிரண்டாம் தேதி காலை அவர் என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வரச் சொன்னார். பலகைமேல் ஒரு ஐஸ் பார் நின்றுகொண்டிருந்தது. என் மார்பளவு உயரம். தண்ணீர் மாதிரி தெளிவு. அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கொத்து கொன்றைப்பூ. மரத்தில் தொங்குகிற மாதிரியே, ஒரு இதழ் கசங்காமல், மஞ்சள் மஞ்சளாக.

ஐஸ் வெளிப்பக்கத்திலிருந்துதான் உறையும். கடைசி வரை நடுவில் கையளவு ஒரு குழி தண்ணீராகவே இருக்கும். அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கம்பெனி வாசல் மரத்துக் கொன்றையை உள்ளே தொங்கவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி மூடியிருக்கிறார். தின்ன அல்ல, பார்க்க மட்டும் என்றார். தானே உளறிவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் ஐஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் நனைந்து பற்கள் அடித்துக்கொள்ளும்வரை விடவில்லை.

பதின்மூன்றாம் தேதி சோங்க்ரான் பிறந்தது. வெயில் நாற்பத்தொன்று. சோம்நூக் அண்ணன் லாரியில் நூற்றிருபது பை, முன்னால் நான்கு கொன்றை ஐஸ். பாதியை மீன் சந்தையில் இறக்கிவிட்டு மீதியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். சந்தைக்கு லாரி போகும் ஒரே வழி பழைய மதில் தெரு. அந்தத் தெருவில் லாரி நுழைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. மறுமுனையில் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

அங்கே நடந்ததை அவரே பிறகு சொன்னார். முதலில் ஒரு பாட்டு வண்டி வழியை மறித்தது. பின்னால் தண்ணீர்த் துப்பாக்கிக் கூட்டம். யாரோ ஐஸுக்குள் பூவைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். தெருவே லாரிமேல் ஏறிவிட்டது. கன்னத்தில் கன்னம் வைத்து ஐஸோடு போட்டோ எடுத்தார்கள். பல் போன ஒரு தாத்தா பூ இருக்கும் இடத்தில் முத்தம் கொடுத்துவிட்டு உதடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பிரிக்க நான்கு பேர் தண்ணீர் ஊற்றினார்கள். சோம்நூக் அண்ணனுக்கும் முகத்தில் வெள்ளை மாவு பூசிவிட்டார்கள். அவர் இறங்கி ஆடினார். இன்று நான்தான் எனக்கு முதலாளி என்று ஒரு எண்ணம் அவர் தலைக்குள் பாட்டோடு பாட்டாக ஏறிவிட்டது. புத்தாண்டுக்கு எங்கள் கம்பெனியின் அன்பளிப்பு என்று அறிவித்துவிட்டு நாற்பது பையை அவிழ்த்து வாசல் வாசலாக டிரம்களில் கொட்டினார். தெரு அவரைத் தோளில் தூக்கியது.

மீதி எண்பது பையோடு பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது வாசலிலேயே போதை தெளிந்துவிட்டது. போதை என்றால் குடித்தது இல்லை, அவர் காபிகூட குடிக்க மாட்டார். முகத்து மாவு வெயிலில் வெடித்துக் காய்ந்த குளத்து மண் மாதிரி இருந்தது. சந்தைக்கு இறக்க வேண்டியதில் இருபது பை குறைகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருபது குறைகிறது. போன் மூன்று தடவையல்ல, முப்பது தடவை அடித்தது.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். "பிகுன், என்ன பண்ணலாம்?" கண்ணாடிக்காரி சொன்னாள்: அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு.

அடிக்கிற போனைத் தொடாமல், இன்னொரு போனில் ஒவ்வொரு வாடிக்கைக்காரரையும் நானே கூப்பிட்டேன். தப்பு எங்களுடையது, இரண்டு மணிக்குள் பாதி வரும், நான்கு மணிக்குள் மீதி வரும் என்றேன். யாரும் இப்படி ஐஸ் கம்பெனியிலிருந்து போன் வந்து பார்த்ததில்லை. பாதிப் பேர் ஆச்சரியத்தில் திட்ட மறந்துவிட்டார்கள். மீன் கடைக்காரி மட்டும், "ஹியாவைக் கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "அப்ப சரி, வரும்" என்று வைத்துவிட்டாள்.

புன்லெர்ட் அண்ணன் மூன்றாவது தொட்டி ஐஸை முன்கூட்டியே வெளியே எடுத்தார். தெருவில் லாரி இனிப் போகாது என்பதால் தோங்பாய் அக்கா தன் வீட்டுக்காரரின் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தாள். அவள் கூட்டத்தில் மேலும் இரண்டு பேர் வண்டி கொண்டுவந்தார்கள். மூன்று வண்டியும் ஸ்பீக்கரோடு சந்துசந்தாகப் போயின. வழியில் எல்லோரும் தண்ணீர் ஊற்றினார்கள், அவர்களும் பதிலுக்கு ஊற்றினார்கள், ஆனால் ஒரு பை அவிழவில்லை. மூன்றரை மணிக்கே எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சோம்நூக் அண்ணனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. மெதுவாக வந்து, என்னைத் திட்டேன் தங்கச்சி என்று கேட்டார். எனக்கு அதிகாரம் இல்லை அண்ணே என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொண்டார். ஆறு வருடமாக அடைத்துக் கிடந்த பின்பக்கச் சாக்கடை. தனியாக, ஒரு மண்வெட்டியோடு. இரண்டு நாள் வேலை முடிந்த பிறகு அதைச் செய்தார். நடுநடுவே நிமிர்ந்து, "இன்னும் மன்னிக்கல" என்று எங்களுக்குத் தகவல் சொல்வார்.

மறுநாள் ப்ரே நகரம் முழுக்கக் கொன்றை ஐஸ் கேட்டது. புன்லெர்ட் அண்ணன் மரத்தில் பூ தீர்ந்து பக்கத்துத் தெரு மரங்களுக்குப் போனார். ஊராட்சி அலுவலகம் கேட்டது, கல்யாண வீடு ஒன்று கேட்டது. பதினைந்தாம் தேதிக்கு விகாரையும் கேட்டது. அன்று ஊர் மக்கள் பிக்குகளின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். வயதான பிக்குகள் வெயிலில் வாடாமல் இருக்க முன்னால் ஐஸ் நிறுத்தி, அதற்குப் பின்னால் மின்விசிறி வைப்பது வழக்கம்.

நாங்கள் பதினொரு பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனோம். வரிசையாகப் பன்னிரண்டு பிக்குகள். கடைசியில், எல்லோரையும் விடப் புதியவராக, ஹியா. அவருக்கு நேர் முன்னால்தான் பெரிய கொன்றை ஐஸ் நின்றது. ஐஸ் வழியாகப் பார்த்தால் அவருக்கு நான்கு முகம், எட்டுக் காது, நடுவில் மஞ்சள் பூ. அந்த நான்கு முகமும் ஐஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. தன் கம்பெனி அச்சின் ஓரத்தில் இருக்கும் நசுங்கலை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார்.

என் முறை வந்தது. மண்டியிட்டு அவர் கைகளில் தண்ணீர் ஊற்றினேன். ஆசி சொல்ல வேண்டிய உதடு அசையாமல் கேட்டது:

"யாரு உத்தரவு குடுத்தா?"

"யாரும் குடுக்கல, சாமி" என்றேன்.

"எத்தன பார்?"

தலைமைப் பிக்கு வரிசையின் அந்தக் கோடியிலிருந்து, யாரையும் பார்க்காமல், சாவகாசமாகச் சொன்னார்: "கடைசி சாமி, காத்து நல்லா வருதா?"

எனக்குப் பின்னால் தோங்பாய் அக்காவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கொதிக்கிற பாத்திரத்து மூடி லேசாகத் தூக்குகிற மாதிரி. நான் உதட்டைக் கடித்தேன். சோம்நூக் அண்ணன் தரையைப் பார்த்துக் குலுங்கினார். அது வரிசையோடு போனது. மீன் கடைக்காரிக்குப் போனது. எதற்கென்று தெரியாமல் ஊரே முதுகு குலுங்க மண்டியிட்டிருந்தது. ஹியா பிக்குவின் பெரிய விசிறியை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஆசி சொல்லும்போது பிக்குகள் அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் ஆசி வரவில்லை. விசிறி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காவித் துணி போர்த்திய ஒரு தோளும் ஆடியது. ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து, மூச்சுத் திணறலோடு, நீண்ட ஆயுள் கிடைக்கட்டும் என்று கேட்டது.

பதினேழாம் தேதி காலை காவியைக் களைந்துவிட்டு ஹியா நேராகக் கம்பெனிக்கு வந்தார். அவர் மனைவி அவருக்குப் பென்சிலால் புருவம் வரைந்து அனுப்பியிருந்தார். எட்டு மணி வெயிலுக்கு அது தாங்கவில்லை. இடது புருவம் கன்னம் நோக்கி இறங்க ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் வேலையில் மூழ்கிப்போனவர்களாகக் குனிந்துகொண்டோம்.

பை கட்டும் மேசை நகர்ந்திருப்பதைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மூன்றாவது தொட்டியைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார். நாற்பது பை தெருவில் கொட்டப்பட்ட செய்தி அவருக்கு விகாரையிலேயே வந்துவிட்டதாம். சோம்நூக் அண்ணன் முன்னால் வந்து கைகூப்பினார்.

"அதுக்குத் தண்டனை முடிஞ்சிடுச்சு ஹியா. சந்தேகமா இருந்தா சாக்கடையப் பாருங்க."

ஹியா பின்பக்கம் போய்ச் சாக்கடையைப் பார்த்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் திரும்பி வந்தவர், புன்லெர்ட் அண்ணன் முன்னால் நின்றார்.

"பூ போடணும்னு எப்ப தோணுச்சு?"

"இருபத்திரண்டு வருஷம் இருக்கும்."

"ஏன்டா கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கல்ல" என்றார் புன்லெர்ட் அண்ணன். குத்திக் காட்டவில்லை. மழை வந்தால் நனைவோம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

ஹியா நாற்காலியில் உட்கார்ந்தார். வலது புருவமும் இறங்கிவிட்டது. போன் அடித்தது, பழக்கத்தில் அவரே எடுத்தார். இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருங்க" என்றார். போனின் வாயைப் பொத்தி, ஏதோ கூச்சத்தோடு என் பக்கம் நீட்டினார். மறுமுனையில் இருந்தவர் பிகுன்தான் வேண்டும் என்றாராம்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அந்த வாரத்திலேயே மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொன்னார், தள்ளினோம். மறுநாள் காலை தோங்பாய் அக்கா முன்னால் கொண்டுபோனாள். மாலையில் அவர் பின்னால் தள்ளினார். நான்கு நாள் அந்த மேசை போய்வந்தது. ஐந்தாம் நாள் ஹியா ஒரு பையைத் தானே இடுப்பில் வைத்து அந்த முப்பதடி நடந்து பார்த்தார். அதற்குப் பிறகு மேசை முன்னாலேயே நின்றது. ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். குறைத்தோம், அவர் மதியத் தூக்கம் தூங்கும் நேரத்தில்.

மே மாதத்தில் லம்பாங் நகரத்து ஓட்டல் ஒன்று கூப்பிட்டது. அங்கே ஒரு பெரிய கல்யாணம். கொன்றை சீசன் முடியப்போகிறது, மல்லிகை போட்டுத் தர முடியுமா, யாராவது நேரில் வந்து பேச முடியுமா என்றார்கள். ஹியா வேட்டைக்குப் போகிறவர் மாதிரி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். முளைத்துக்கொண்டிருந்த தலைமுடியைத் தடவிக்கொண்டு, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். என்ன பேச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் படாதபாடு படுவது தெரிந்தது. நான் பஸ் ஏறும்வரை கேட்டில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

லம்பாங் ஓட்டல் மேலாளர் டை கட்டிய ஒல்லி மனிதர். குளிர்ந்த அறையில் உட்காரவைத்து எலுமிச்சைப்புல் தண்ணீர் கொடுத்தார். இருபது பார் வேண்டும், மல்லிகை மாலைக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டும், காலை ஏழு மணிக்கு மேடையில் நிற்க வேண்டும் என்றார். நான் எழுதிக்கொண்டேன். மல்லிகை குளிரில் கறுக்கும், அதற்குப் புன்லெர்ட் அண்ணன் ஒரு வழி வைத்திருப்பார், இல்லாவிட்டால் கண்டுபிடிப்பார். ஏழு மணி என்றால் ப்ரேயிலிருந்து நாலரைக்கே கிளம்ப வேண்டும். சோம்நூக் அண்ணன் மலைப்பாதையில் ஆட மாட்டார்.

மேலாளர் பேனாவை மூடினார். "நீங்க போய் உங்க முதலாளியைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்" என்றார்.

நான் எலுமிச்சைப்புல் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"காத்திருக்க வேணாங்க. ஆறரைக்கே வந்துடும்" என்றேன்.